கை நடுங்காத பத்து நாள்

1. மேஜை வந்த நாள்

மேஜை வந்த அன்று நல்ல மழை. பிக்கப் வண்டி எங்கள் கேட்டுக்குள் ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டு ரோட்டிலேயே நின்றுவிட்டது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் நீளமான ஒரு மரப்பெட்டி. அதன் இரண்டு பக்கத்திலும் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த முத்தையா அண்ணன் என்னைப் பார்த்து, "என்னாங்க சூசை, சவப்பெட்டிக்குக் கம்பி போட்டு அனுப்பியிருக்காங்க. செத்தவன் எந்திரிச்சு வந்துருவான்னு பயமா இருக்கா?" என்றார். தூக்கினவர்கள் சிரித்ததில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து என் கால் பெருவிரலில் இறங்கியது. அந்த நகம் இன்றைக்கும் கோணல்தான்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில், குடியை விட முடியாமல் தவிக்கிறவர்களுக்காக சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு மறுவாழ்வு இல்லம் அது. பதினெட்டு வருடம் அங்கே வார்டு உதவியாளராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். படிப்பு எட்டாம் வகுப்பு வரை. அதற்கு முன்னால் ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டருக்குக் கையாளாக இருந்தேன். இப்போது இல்லத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிகள் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். மருந்தைப் பற்றி டாக்டர் சொல்வார். மனதைப் பற்றி சிஸ்டர் சொல்வார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த மேஜையைப் பற்றித்தான். அதை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும்தான்.

அதற்கு ஃபூஸ்பால் டேபிள் என்று பெயர். ஒரு போர்டிங் ஸ்கூலில் புதிது வாங்கியதால் பழையதை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் பச்சை நிறத்தில் ஒரு கால்பந்து மைதானம். குறுக்கே எட்டுக் கம்பிகள், பக்கத்துக்கு நாலு. கம்பிகளில் பொம்மை ஆட்கள். சிவப்புச் சட்டை பதினொன்று, நீலச் சட்டை பதினொன்று. கோல் கம்பியில் ஒரு ஆள், அதற்கு முன்னால் இரண்டு ஆள், நடுவில் ஐந்து ஆள், அடிக்கிற கம்பியில் மூன்று ஆள். கைப்பிடியைத் தள்ளினால் இழுத்தால் பொம்மைகள் நகரும், திருகினால் உதைக்கும். கோல் விழுந்தால் பந்து மேஜையின் வயிற்றுக்குள் உருண்டு, ஓரத்திலிருக்கிற ஒரு வாய் வழியாக வெளியே வரும். அவ்வளவுதான் ஆட்டம். எங்கள் ஆட்கள் முதல் நாளே அதற்குக் 'கம்பியாட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முத்தையா அண்ணன் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். ஒரு காலத்தில் எங்களிடம் சிகிச்சைக்கு வந்து, குணமாகி, வீட்டுக்குப் போகாமல் சமையல்கட்டிலேயே தங்கிவிட்டார். ஆட்டத்துக்குச் சட்டம் போட்டது அவர்தான். கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு கரகரவென்று சுற்றக்கூடாது. சுற்றினால் மறுநாள் வெங்காயம் உரிக்கவேண்டும். அந்த வருடம் எங்கள் இல்லத்தில் வெங்காயம் உரிக்க ஆளுக்குப் பஞ்சமே வரவில்லை.

2. தேங்காய் எண்ணெய்

மெஷினைப் பார்த்தால் எண்ணெய் விடுவது ஃபிட்டர் புத்தி. வந்த வாரமே கம்பியெல்லாம் கறகறவென்றது. சமையல்கட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து கிடந்தது. தலைக்குத் தேய்க்கிற பழக்கத்தில் அதை அடுப்போரம் வைத்து உருக்கி, எட்டுக் கம்பிக்கும் தாராளமாகப் பூசினேன். சாயங்காலம் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அது டிசம்பர் மாதம். மறுநாள் காலை ஜெபம் முடிந்து வந்து பார்த்தால் ஒரு கம்பிகூட அசையவில்லை. எண்ணெய் மெழுகு மாதிரி, கம்பி நுழைகிற புஷ்ஷுக்குள் உறைந்துபோயிருந்தது. ஒருவர் பலம் கொண்ட மட்டும் இழுத்ததில் கைப்பிடி மட்டும் கழன்று வந்தது.

"பொம்மைக்கெல்லாம் சளி கட்டிருச்சு. கசாயம் வைக்கவா?" என்றார் முத்தையா அண்ணன்.

கம்பிகளைக் கழற்றி வெந்நீர்த் துணியால் துடைத்து மாட்ட ஒரு நாள் முழுக்க ஆனது. அந்த ஸ்கூல் கேம்ஸ் மாஸ்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். "எண்ணெயே விடாதீங்க. சிலிக்கான் ஸ்ப்ரே வாங்கித் துணியில அடிச்சு, அந்தத் துணியால தொடச்சா போதும்" என்றார். தம்பிகளே, இதை மட்டும் மறக்கவேண்டாம். மழைக்காலத்தில் வாரம் இரண்டு தடவை துடைக்கவேண்டும். மேஜையின் மேல்பலகையில் ஈரத்துணி படவே கூடாது, உப்பிக்கொள்ளும்.

3. பின்கம்பியும் முன்கம்பியும்

குடித்துக்கொண்டே இருந்த உடம்பில் திடீரென்று குடியை நிறுத்தினால் கை நடுங்கும். டாக்டர் மருந்து கொடுப்பார். சிலருக்கு ஒரு வாரத்தில் அடங்கும், சிலருக்கு நாள் பிடிக்கும். டீ டம்ளரை எடுக்கும்போது தளும்பும். இரண்டு கையாலும் பிடிப்பார்கள். அப்படியும் சட்டையில் சிந்தும். பெரிய பெரிய ஆட்கள், தோட்டத்தில் முப்பது பேரை மேய்த்த மேஸ்திரிகள், டம்ளரை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் பசியில்லை என்று எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பசியில்லாமல் இல்லை, வெட்கம்.

அந்த வெட்கம் இந்த மேஜையில் வராது. அங்கே எல்லார் கையும் ஆடிக்கொண்டேதானே இருக்கிறது. யார் கை ஆட்டத்தினால் ஆடுகிறது, யார் கை நோயினால் ஆடுகிறது என்று எதிரில் நிற்கிறவனுக்குத் தெரியாது. முதல் மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்காத ஒருவர், நான்காம் நாள் கோல் வாங்கியதும் "அய்யோ, உட்டுப்போட்டனே" என்று கத்தினால், எனக்குள் ஒரு தோத்திரம் ஓடும்.

நாளாக நாளாக ஒரு பழக்கம் உண்டானது. புதிதாக வந்தவருக்குப் பின்னாலிருக்கிற இரண்டு கம்பி, அதாவது கோல்காரனும் அவனுக்கு முன்னால் நிற்கிற இருவரும். பந்தை மறித்தால் போதும். கை கொஞ்சம் நிதானப்பட்டதும் முன்னாலிருக்கிற இரண்டு கம்பிக்கு மாற்றுவோம். அங்கே பந்தைக் காலடியில் நிறுத்தி, பார்த்து, தட்டவேண்டும். நடுங்குகிற கைக்கு அது வராது. "முன்கம்பி வந்துட்டனுங்க" என்று மனைவியிடம் போனில் சொல்கிறவர்கள் உண்டு. ஏதோ புரமோஷன் கிடைத்த மாதிரி.

இதில் என் புத்தி ஒரு வேலை செய்தது. ஒரு நோட்டுப் போட்டு, யார் யாருக்குக் கை எப்படி இருக்கிறது என்று தினமும் எழுத ஆரம்பித்தேன். 'நடுக்கம் அதிகம்', 'பந்தை நிறுத்துகிறார்', 'முன்கம்பி' என்று ஆளுக்கு ஒரு பக்கம். டாக்டர் ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சூசை, நான் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றேன். நீங்க தினமும் பாக்கறீங்க. நல்லதுதான்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்டது அதைவிட அதிகம். யாராவது குணமாகிவிட்டாரா என்று கேட்டால், "கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்" என்று பேச ஆரம்பித்தேன். தலைமை சிஸ்டர் பெனிட்டாவும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், "உங்க நோட்டு என்ன சொல்லுது சூசை?" என்று கேட்பார்கள். தினமும் ஜெபமாலை சொல்கிறவன்தான் நான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

4. தங்கராஜ்

தங்கராஜ் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து லாரி டிரைவர். காட்டில் பறித்த இலையை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுவருகிற வண்டி. சாயங்காலத்தில் பறிக்கிற பெண்களும் மூட்டை மேலேயே உட்கார்ந்து லைன் வீடுகளுக்குத் திரும்புவார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஒரு நாள் வண்டி வடிகாலில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் தங்கராஜ் வாயிலிருந்து வந்த வாடை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த எஸ்டேட் மேனேஜரை ஆட்கள் இன்னும் தொரை என்றுதான் சொல்கிறார்கள். அவர் தங்கராஜை எங்களிடம் அனுப்பிவைத்தார். நாற்பத்தைந்து நாள் சிகிச்சை முடித்து, இவர் வண்டி ஓட்டலாம் என்று இல்லத்திலிருந்து கடிதம் வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் கணக்கு முடித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். தங்கராஜின் மனைவி சரோஜாவுக்கு அந்த எஸ்டேட்டில் கேஷுவல் வேலைதான். வீடு தங்கராஜ் பேரில். இரண்டு பெண்பிள்ளைகள், பெரியவள் பத்தாம் வகுப்பு.

முதல் ஞாயிறு பார்க்க வந்த சரோஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, எப்புடியாச்சும் இவர நிமித்தி உட்டுருங்க. எங்களுக்குப் போக வேற ஊடு இல்லீங்க" என்றாள்.

தங்கராஜுக்குக் கை பயங்கரமாக நடுங்கியது. இரண்டு வாரம் ஆகியும் பெரிதாக அடங்கவில்லை. "பத்து வருஷம் குடிச்ச ஒடம்பு, மெதுவாத்தான் கொறையும். அவசரப்படாதீங்க" என்றார் டாக்டர். மற்றவர்கள் ஒவ்வொருவராக முன்கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் பின்கம்பியிலேயே நின்றார். சாயங்காலம் நான் நோட்டு எழுதும்போது பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னிக்கு என்னங்கண்ணா எழுதியிருக்கீங்க?"

"நடுக்கம் இருக்குன்னு."

"நேத்தைக்கு இன்னிக்குக் கொஞ்சம் பரவால்லீங்களே?"

"அப்புடி ஒண்ணும் தெரியலியே தங்கராஜ்."

சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கவேண்டும்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை, தங்கராஜ் பந்தை நிறுத்தினார். நிறுத்தி, பொம்மையின் காலால் லேசாக உருட்டி, கோலுக்குள் தட்டினார். கை கல் மாதிரி நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே முன்கம்பிக்கு மாற்றினேன். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. 'நடுக்கம் இல்லை. முன்கம்பி. மிக நன்று' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அதோடு மேஜையைத் துடைக்கிற வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "நீங்க எதுக்குங்கண்ணா குனிஞ்சு நிமிர்றீங்க, நான் பாத்துக்கறனுங்க. வண்டி தொடச்ச கைதானுங்க" என்றார். காலையும் மாலையும் துணியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போவார். பல் வலி என்று சொல்லி எந்நேரமும் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். நானேதான் சமையல்கட்டில் கேட்டு ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சரோஜா வந்தாள். நான் ஓடிப்போய், "உங்க வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் சுத்தமா நின்னுபோச்சும்மா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "மெதுவா நின்னுச்சுங்களா, ஒரேயடியாவா?" என்று கேட்டாள். "ஒரேயடியா. ஆண்டவர் புண்ணியம்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சிஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, தொரைக்குப் போன் போட்டார்கள். ஒன்றாம் தேதி டிரைவரை அனுப்புகிறோம், கடிதம் பின்னால் வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

5. பந்து வெளியே வராத சனிக்கிழமை

மறுநாள் சனிக்கிழமை, மதியம். எல்லோரும் மாடியில் வகுப்பில் இருந்தார்கள். காலை ஆட்டத்தில் கோலுக்குள் போன பந்து வெளியே வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். இருந்த இன்னொரு பந்தைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் உள்ளே போய் எங்கேயோ டொக்கென்று நின்றது. வாய்க்குள் கைவிட்டுத் துழாவினேன். எட்டவில்லை. மழையில் அடிப்பலகை உப்பிவிட்டது என்று நினைத்து, தரையில் படுத்து, அடியில் இருக்கிற ஸ்குரூக்களைக் கழற்றினேன்.

பலகை இறங்கியதும் இரண்டு பந்தும் என் நெஞ்சில் விழுந்தன. கூடவே ஒரு கம்பளி சாக்ஸ். அதற்குள் குவார்ட்டர் பாட்டில், பாதி பிராந்தியோடு. சத்தம் கேட்கக்கூடாது என்று சாக்ஸுக்குள் போட்டு, பந்து வருகிற வாய்க்குள் முழங்கை அளவுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது சறுக்கிப் பாதையை அடைத்துக்கொண்டது.

படுத்தபடியே அந்த சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடையது என்று எனக்குத் தெரியும். தினமும் துவைத்துக் கொடியில் போடுகிறவனே நான்தான்.

கதவு திறந்தது. வகுப்பிலிருந்து இறங்கி வந்த தங்கராஜ், கையில் துணியோடு. நான் படுத்திருக்கிற கோலத்தையும் பாட்டிலையும் பார்த்தார். ஓடவில்லை. மெதுவாக வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எத்தன நாளாப்பா?" என்றேன்.

"பத்து நாளாச்சுங்க."

"யாரு குடுத்தா?"

"காய்கறி வண்டிக்காரன் பழைய பழக்கமுங்க. வேலிக்கு அக்கட்ட வெச்சுட்டுப் போவான்."

எனக்குக் கோபம் வந்தது. "அந்தப் பொம்பள வந்து அழுதுட்டுப் போறா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உனக்குக் குடிக்காம இருக்கவே முடியலையாப்பா?"

"போதைக்குக் குடிக்கலீங்கண்ணா. சாமி சத்தியமா இல்லீங்க. காலைல ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. அவ்வளவுதானுங்க. அதக் குடிச்சாக் கை நின்னுருதுங்க." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க கையப் பாத்துத்தானுங்க எழுதறீங்க. நெதமும் வந்து பாக்கறனுங்க, நடுக்கம் நடுக்கம்னே எழுதியிருக்கு. ஒண்ணாந்தேதி வந்துட்டே இருக்குது. ஊட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போறதுங்க. அந்த நோட்டுக்காவத்தானுங்க குடிச்சேன்."

தம்பிகளே, பதினெட்டு வருடத்தில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். ஒருத்தர் என் முகத்தில் கஞ்சியையே ஊற்றியிருக்கிறார். எதுவும் இந்த அளவுக்குச் சுட்டதில்லை. குடித்தால் கை நிற்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதென்று கடைக்கு ஓடுகிறவர்கள்தானே எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும். தெரிந்திருந்தும் என் நோட்டு பெரிதாகத் தெரிந்தது.

"சிஸ்டர்கிட்டச் சொல்லுவீங்களா?" என்றார்.

"சொல்லணும்ப்பா."

"சொல்லாம உட்டுருங்கண்ணா. இனிமே தொட மாட்டனுங்க. ஒண்ணாந்தேதி போயிச் சேந்துக்கறேன். என்ற புள்ளைங்க மேல சத்தியமுங்க."

அவர் சொன்னது அந்த நிமிடத்துக்கு உண்மைதான் என்று நினைக்கிறேன். மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற பெண்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். லைன் வீட்டு வாசலில் சாமான்களோடு நிற்கிற சரோஜாவும் வந்தாள். மாதாவே, ஒரு வழி காட்டம்மா என்று மட்டும்தான் கேட்டேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"காட்டிக்குடுக்கப் போறீங்களா அண்ணா" என்றார் பின்னாலிருந்து. வேதம் படிக்கிறவனுக்கு அது ஆண்டவரையே காட்டிக்கொடுத்தவனின் வார்த்தை என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிஸ்டர் அறையில் பாட்டிலையும் நோட்டையும் ஒன்றாக மேஜை மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். உள்ளே மது கொண்டுவந்தால் அன்றைக்கே வெளியேற்றம் என்பது இல்லத்தின் சட்டம். அது கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. சிஸ்டர் நோட்டைத் திறந்து தங்கராஜின் பக்கத்தைப் பார்த்தார்கள்.

"சட்டம் தெரியுமில்ல சூசை?"

"தெரியும் சிஸ்டர். அவரு மட்டும் தப்புப் பண்ணியிருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். பாதித் தப்பு இந்த நோட்டுல இருக்கு. வெளிய அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க."

"உங்கள அனுப்பிட்டு அடிக்கடி மக்கர் பண்ற ஹீட்டர யாரு சரி பண்றது?" என்றார்கள். சிரிக்கவில்லை. "டாக்டருக்குப் போன் போடுங்க. மருந்தோட இதுவும் சேந்து உள்ள போயிருக்கு, மொதல்ல அதப் பாக்கணும். அவரு இங்கயே இருக்கட்டும். சட்டத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா தொரைக்குத் தப்பான தகவல் போயிருக்கு. அத உங்க வாயாலயே போய்ச் சொல்லிட்டு வாங்க."

6. தொரை ஆபீஸ்

திங்கட்கிழமை பஸ் பிடித்துப் போனேன். ஃபேக்டரி ஆபீஸில் தொரை ஏதோ பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியாட்டத்தையும், முன்கம்பியையும், நோட்டையும், பாட்டிலையும். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏனுங்க சூசை, பொம்மையாட்டத்த வெச்சுத்தான் எனக்கு டிரைவர் அனுப்பறீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"ஒண்ணாந்தேதி நான் அவன்கிட்டச் சாவியக் குடுத்திருப்பேன். வண்டி நெறையப் பொம்பளைங்க. ஏதாச்சும் ஆயிருந்தா?"

"அதுக்குத்தாங்க ஓடி வந்தேன்."

"அப்ப அவன் கணக்க முடிச்சுரலாம்" என்று பேப்பரைத் திரும்ப எடுத்தார்.

நான் போகாமல் நின்றேன். "இன்னும் என்ன?" என்றார்.

"வீட்டப் பத்திக் கேக்கணுங்க."

"சாவி வேண்டாம்னும் சொல்றீங்க, வீடு வேணும்னும் சொல்றீங்க."

"லாரி குடுக்காதீங்க. அவரு கேட்டாலும் குடுக்காதீங்க. ஆனா அவரு குடிச்சது வீடு போயிருமேங்கற பயத்துலங்க. என் நோட்டப் பாத்துப் பயந்தாரு. வீடும் போச்சுன்னா அப்புறம் குடிய உட அவருக்கு ஒரு காரணமும் இருக்காதுங்க. உள்ள ஃபேக்டரியில ஏதாவது ஒரு வேல குடுங்க. இல காயப்போடற எடத்துல போடுங்க. மூட்ட தூக்கட்டும்."

தொரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆபீஸுக்கு இத்தன வருஷத்துல எத்தனையோ பேரு சிபாரிசுக்கு வந்திருக்காங்க. தான் சொன்னது தப்புன்னு சொல்ல ஒருத்தரும் வந்ததில்ல" என்றார். "இன்னும் ஒரு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் இல வாட்டற மாடியில வேல. மூணு மாசம் பாக்கறேன். அது வரைக்கும் வீடு இருக்கும். லாரிய மறந்துரச் சொல்லுங்க."

7. அதற்கப்புறம்

திரும்பி வந்து தங்கராஜிடம் சொன்னேன். வீடு நிற்கிறது என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். லாரி இல்லை என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. டிரைவராக இருந்தவன் மூட்டை தூக்கப் போவது சின்ன விஷயம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து டீயை வைத்துவிட்டு வருவேன். முத்தையா அண்ணன்தான் மூன்றாம் நாள் போய், "என்னாங்க டிரைவர், மேஜ தொடைக்க ஆள் இல்லாமப் பொம்மையெல்லாம் ஒட்டடையாப் போச்சு. வாங்க, இந்தவாட்டி அடிப்பலகைய நான் தினம் கழட்டிப் பாப்பேன்" என்று கூட்டிவந்தார். தங்கராஜ் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரோடுதான் சிரித்தார்.

கை திரும்பவும் நடுங்க ஆரம்பித்தது. முன்பைவிட அதிகமாக. பின்கம்பியில் நின்று ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் வாங்கினார்.

நோட்டை நான் அந்தச் சனிக்கிழமையோடு விட்டேன். சாமி படத்துக்கு அடியில் வைத்து, இனி எழுதுவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். இப்போதும் முன்கம்பிக்கு யார் போவது என்பதை ஆடுகிறவர்களே தீர்மானித்துக்கொள்கிறார்கள். விளையாடுகிற இடத்தில் ஒருவரை அளந்து பார்த்தால், அவர் அங்கே விளையாடுவதை விட்டுவிட்டு நமக்காக நடிக்க ஆரம்பித்துவிடுவார். தம்பிகளே, நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். எழுதவேண்டியதை டாக்டரும் சிஸ்டரும் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்து ஆடுங்கள்.

அடுத்த ஞாயிறு சரோஜா வந்தபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு அன்னிக்கே தெரிஞ்சுருச்சில்லம்மா. ஏன் சொல்லல?"

"காலைல எந்திரிச்சுக் கை நிக்கறது எதனாலன்னு பத்து வருசமாப் பாத்தவதானுங்கண்ணா" என்றாள். "ஆனா நீங்க அத்தன சந்தோசமா வந்து சொன்னீங்க. நெசமாவே இருந்துரக் கூடாதான்னு இருந்துச்சுங்க."

பிறகு அவளே கேட்டாள்.

"இப்ப எப்புடீங்க?"

"நடுங்குதும்மா. ரொம்ப நடுங்குது. காலைல டீய முழுசும் சட்டையிலதான் ஊத்திக்கிட்டாரு."

அவள் ஒரு பெரிய மூச்சு விட்டாள். தோளிலிருந்த பையை இறக்கிப் பெஞ்சில் வைத்தாள். உள்ளேயிருந்து சோறு வைத்திருந்த தூக்குப்போசியை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"அப்பக் கூப்புடுங்கண்ணா. இன்னிக்கு நானே ஊட்டி உடறேன்" என்றாள்.